நார்வே ராஜா அறைஞ்ச அறை

…அதனாலதான் நம்ம தமிழ்ச் சங்கம் ரெண்டா உடைஞ்சுதுன்னு நீயும் நம்பறியாம்மா? பொங்கல் விழாவுல அந்த ஆன்ட்டியைக் குத்துவிளக்கு ஏத்தக் கூப்பிடலை, அவங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு வேற சங்கம் வெச்சிட்டார்னு? நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், என் பேத்தி சொல்ற வரைக்கும்.

ஹைஸ்கூல்ல படிக்கறாளே, அவதான். ஹிஸ்டரி போட்டிக்கு அவ எடுத்தது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கடல் சண்டை. வைக்கிங்னு கப்பல்காரங்களாம். நம்ம ஊர்ல ஜெயிச்சாத்தான் தலைநகரம் ஆஸ்டின்ல ஸ்டேட் போட்டி. ஒரு மாசமா வீட்டுல அதே பேச்சு.

எனக்குப் படிக்கத் தெரியாது, கதை கேக்கத் தெரியும். நார்வே ராஜா ஒரு ராணியைக் கட்டிக்கறதா இருந்தானாம். "என் மதத்துக்கு வா"ன்னான். மாட்டேன்னா. கையுறையால மூஞ்சியிலயே அறைஞ்சுட்டான் பாவி! அவ போய் டென்மார்க் ராஜாவைக் கட்டிக்கிட்டா. புருஷனை உசுப்பேத்தினா. அவன் ஸ்வீடன் ராஜாவைச் சேத்துக்கிட்டு, நார்வே ராஜாவைக் கடல்ல மடக்கித் தோக்கடிச்சுட்டான். ஸ்வீடன் ராஜா யாரு? அவளோட மொதப் புருஷனுக்குப் பொறந்த மகனேதான்!

"நல்லா வேணும்"னேன்.

"வெயிட் பாட்டி. சண்டை முடிஞ்சு நாடு யாருக்குப் போச்சு?"

"யாருக்கு?"

"ரெண்டு ராஜா, கூட வந்த இன்னொருத்தன், மூணு பேரும் ஷேர் பண்ணிக்கிட்டாங்க. அந்த மூணாவது ஆளோட அப்பாதான் முன்னாடி நார்வேயை ஆண்டவர். அவனுக்கு ராணியோட கன்னமா முக்கியம்? நம்ம சங்கம் மாதிரிதான். புதுசுல யார் பிரசிடென்ட்?"

"அந்த ஆன்ட்டியோட வீட்டுக்காரர்."

"பழசுல எலெக்‌ஷன்ல தோத்தது யாரு?"

"ஐயோ, அவரேதாண்டி!"

போட்டியன்னிக்கு நான் முன் வரிசை, பட்டுப்புடவை. ஜட்ஜம்மா ஒருத்தங்க மடக்கினாங்க. அவங்க கேட்டதை மகன்தான் என் காதுல தமிழ்ல சொன்னான்: "கதையிலயே ராணிதான் காரணம்னு இருக்கே, நீ எப்படி இல்லைங்கறே?" பேத்தி அசரலையே! "இந்தக் கதையை எரநூறு வருஷம் கழிச்சுத்தான் எழுதினாங்க. பொம்பளை மேல பழியைப் போடறது சுலபம். நான் நாடு யார் கைக்குப் போச்சுன்னு பாத்தேன்"னா. அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்கம்மா!

ஜெயிச்சுட்டா. நாளைக்கு விடியக்காலம் ஆஸ்டின் கெளம்பறா. வழியில சாப்பிட மொளகாப்பொடி தடவின இட்லிதான் வேணுமாம், பர்கர் வேணாமாம். நானும்… இரு, என்ன தீயற வாசனை? அடியம்மா! கதகதப்புல புளிக்கட்டும்னு ஓவன் அடுப்புக்குள்ள மாவை வெச்சேன், மருமக பாக்காம பீட்சாவுக்கு ஆன் பண்ணிட்டா போல! நீ போய்ட்டு வாம்மா, நான் மாவைக் காப்பாத்தறேன்…