குதிரை கேட்ட நாயகி

பீர்மேட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் நான் கிளார்க்காக இருந்தபோது, ஃபாக்டரி எஞ்சின்களைக் கவனிக்க ஒரு துரை வந்தார். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஏதோ தீவுக்காரர். வீட்டில் பேசி வளர்ந்த பாஷை இங்கிலீஷ் அல்ல, கேலிக். மற்ற துரைமாருக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. தமிழை லயத்துக் குடியிருப்பில் இருந்த திருநெல்வேலிக் கூலியாட்களிடம் கற்றதால் அவர்களைப் போலவே பேசுவார்.

அவருடைய தங்கை ஊரிலிருந்து பழைய கேலிக் பாட்டுகளைப் பிரதியெடுத்து அனுப்பினாள். எல்லாம் முந்நூறு வருஷத்துக்கு முந்தியவை.

"பேச வருது, வாசிக்க வரல. நீரும் வந்து உக்காரும்வே" என்றார் துரை. என் ஊர் கல்பாத்தியில், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத பழைய ஏடுகளை நான் படித்ததை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறுதோறும் என் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் உட்கார்ந்தோம். நான் எழுத்துக் கூட்டிப் படிக்க, அவர் பொருள் சொல்வார். அம்மாவுக்கு அவர்கள் பாஷையில் 'மாஹிர்'. 'என் அம்மா' என்றால் 'மோ வாஹிர்'. முன்னால் வரும் சொல்லைப் பார்த்து அடுத்த சொல்லின் முதலெழுத்தே ஒலி மாறுகிறது! எனக்கு ஒரே குஷி.

"கல், தங்கம், அகம்னு சொல்லிப் பாருங்கோ. எழுத்து ஒண்ணுதான், சத்தம் மூணு" என்றேன். அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

முதல் பாட்டு, மனைவி கணவனிடம் ஊடுவது என்று முடிவு செய்தோம். உன் கட்டிலில் என் இடம் எங்கே, உன் கிண்ணத்தில் நான் குடித்த நாள் எங்கே என்று கேட்கிறாள். துரைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் முடிவுக்குச் சற்று முன் அவள் குதிரை கேட்டாள். மறுபடி மறுபடி பார்த்தோம். குதிரையேதான்.

காபி கொண்டுவந்த என் மனைவி, "கோவிச்சுண்ட பொண்டாட்டி குதிரையா கேப்பா?" என்றாள்.

கடைசிச் செய்யுளைப் படித்தோம். பாடியவன் ஆண், குறுநிலத் தலைவன் ஒருவனின் புலவன்! என் பாட்டன் உன் பாட்டனுக்குப் பக்கத்தில் படுத்தான், ஒரே கிண்ணத்தில் குடித்தான், இப்போது என் இடத்தில் வேறொரு புலவனா என்று சண்டை. குதிரை, அவன் தலைவனிடம் கேட்ட பரிசில். நம் பக்தர்கள் பெண்ணாகிப் பெருமாளோடு ஊடுவார்கள். அங்கே புலவன் தலைவனோடு ஊடியிருக்கிறான்.

"கள்ளப்பய! என்னைய அழ வச்சுட்டானே!" என்று துரை தொடையைத் தட்டினார்.

"குதிரை கெடச்சுதாமா?" என்றாள் மனைவி.

"இப்படிப் பாடுனா எவன்மா இல்லம்பான்?"

எழுந்து நின்று முதலிலிருந்து உருகி உருகிப் பாடத் தொடங்கினார். மழையில் சந்தைக்குப் போன பெண்கள் வேலியருகே நின்றுவிட்டார்கள்.

"ஐயா, தொரைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சா?" என்றாள் ஒருத்தி.

நான் பதில் சொல்வதற்குள் துரை அடுத்த செய்யுளுக்குப் போய்விட்டார்.