கணினிக்குள் இருக்கும் என் பழைய கணினி

அச்சுவேலியில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. புதியவற்றில் ஓடாத பழைய தமிழ் எழுத்துருக்களுக்காக, புதுக் கணினிக்குள்ளேயே ஒரு பழைய கணினியை மெய்நிகராக ஓட்டுகிறேன்.

இன்று காலை வந்த அப்டேட்டுக்குப் பிறகு அது திறக்கவில்லை. நாளை நடக்கும் ஓர் அந்தியேட்டிக்கான, அதாவது இறந்தவரின் முப்பத்தோராம் நாள் சடங்குக்கான, நினைவு மலர் முழுக்க அதற்குள்தான்.

புதுக் கணினியை விற்ற கடைத் தம்பிக்கு அழைத்தேன்.

"உது செத்துப்போச்சு அண்ணை. அந்த அந்தியேட்டியோடை சேர்த்து உதுக்கும் ஒண்டைச் செய்து விடுங்கோ" என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அப்டேட்டை அழித்தேன். அது திரும்ப வராதபடி இணைய வயரையும் பிடுங்கினேன். பழையது எழும்பிவிட்டது.

அச்சான முதல் மலரைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன்: "தம்பி, நீர் செத்துப்போச்சு எண்டு சொன்ன ஆள்தான் இதைச் செய்து தந்தது."

வயரை இன்னும் சொருகவில்லை. சொருகச் சொல்பவர்கள் கீழே கமெண்டுக்கு வரலாம்.