ஸ்பேனர் கிடந்த இடம்

சான்பாடாவில் நான் கூட்டிப் பெருக்கும் கட்டிடத்தில் நீச்சல் குளம் உண்டு. இன்று தண்ணீரை இறைத்தபோது அடியில் ஒரு இரும்புக் கம்பி கிடந்தது. எடுத்தேன், கையிலேயே உதிர்ந்தது. குளோரினும் துருவும் கலந்த வாடை. அப்பாவின் சட்டையில் வரும் வாடை அது.

நான் சிறுமியாக இருந்தபோது அப்பா செம்பூரில் ஒரு கிளப் குளத்தில் வேலை பார்த்தார். வேலையாட்கள் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒருநாள் அவர் கையிலிருந்த ஸ்பேனர் ஆழமான பக்கம் விழுந்துவிட்டது. பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் குளத்தை இறைத்தார்கள். ஸ்பேனர் துருப்பிடித்துக் கிடந்தது. வெள்ளை டைல்ஸில் அதே அளவுக்குச் செங்கறை. மறுநாள் மேனேஜர் பார்த்தால் வேலை போய்விடும்.

தாராவி வீட்டில் பித்தளைக் குடம் விளக்கும் பழம்புளியை அம்மா உருட்டி எடுத்தாள்.

“ஏளா, குளத்துல புளிக்கொழம்பா வைக்கப் போற?” என்றார் அப்பா.

“வேல போச்சுன்னா வீட்டுலயும் அது கெடையாது. நடங்க.”

காலையில் மூன்று பேரும் போனோம். அம்மா காய்ந்த குளத்தில் இறங்கி, புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தாள். கறை போய்விட்டது. அப்பா சிரித்தார்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். மற்ற டைல்ஸ் எல்லாம் மங்கிக் கிடக்க, அம்மா தேய்த்த இடம் மட்டும் பளீரென்று இருந்தது.

“குளம் பூரா இதே மாதிரி இருக்கணும்” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா மீதிப் புளியை மூன்றாகப் பிய்த்தாள்.