மூலையில் தொங்கிய கறுப்புச் சதுரம்

போன மாரிகாலம். ஜேர்மனியில், வுப்பர்டால் நகரத்து ஓவியக் காட்சிக்கூடமொன்றில் காவலுக்குச் சேர்ந்த புதிது. இன்னும் நிரந்தரமாக்கவில்லை. அலைந்து அலைந்து கிடைத்த வேலை என்பதால் பயந்து பயந்துதான் நின்றேன்.

நூறு வருடத்துக்கு முந்திய ரஷ்ய ஓவியங்கள் அங்கே வந்திருந்தன. ஆள், மரம், வீடு எதுவும் கிடையாது. எல்லாம் சதுரமும் வட்டமும் சாய்ந்த கோடும்தான். ஒரு கறுப்புச் சதுரத்தை மட்டும் கூரையை ஒட்டி, இரண்டு சுவர் சேரும் மூலையில் மாட்டியிருந்தார்கள். முதன்முதலில் அப்படித்தான் மாட்டினார்களாம். ஏனென்று நான் கேட்டதில்லை.

ஒரு ஞாயிறு, என் வேலையிடத்தைப் பார்க்கவென்றே பீலெஃபெல்டிலிருந்து அக்கா வந்தார். நான் அடுத்த அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள், சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, தரையிலிருந்த எல்லைக் கோட்டையும் தாண்டிப்போய், சதுரத்தின் கீழே தலைக்கு மேல் கைகூப்பி நிற்கிறார்! நான் ஓடிப்போனேன்.

"அக்கா, அது சாமி இல்லை!"

"எடி, திரை போட்டிருக்கெல்லோ? கதிர்காமத்திலயும் முருகனை ஆர் கண்டது? திரையைப் பார்த்துத்தானே கும்பிடுறனாங்கள்?"

படம் பார்க்க வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சத்தம் கேட்டுப் பொறுப்பாளர் வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது. தெரிந்தவரா என்று கேட்டார். என் அக்கா என்றேன். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது ஒரு முதிய பெண் முன்னால் வந்தார். ரஷ்யாவிலிருந்து குடியேறியவராம். தங்கள் வீடுகளில் கடவுள் படம் வைப்பது அந்த மூலையில்தான், ஓவியர் அது தெரிந்துதான் அங்கே மாட்டினார், இவர் கும்பிட்டதில் என்ன பிழை என்று ஒரு பிடி பிடித்தார். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் சதுரத்தையே அண்ணாந்து பார்த்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தம்மா அதோடு விடவில்லை. வாசலுக்குப் போய், குனிந்து, அக்காவின் சப்பாத்தைத் தன் கையாலேயே எடுத்துவந்து காலடியில் வைத்தார். அக்கா பதறிப்போனார்.

"ஐயோ அம்மா, நீங்கள் தொடாதேங்கோ!"

தமிழ் விளங்காமலே அவர் சிரித்து அக்காவின் தோளைத் தட்டினார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பெயரைக்கூடக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

என் வேலை நிரந்தரமாகிவிட்டது. ஓவியங்களெல்லாம் ஊர் திரும்பிவிட்டன, அந்த மூலையும் வெறும் சுவர்தான். ஆனாலும் காலையில் அறையைத் திறக்கும்போது, வாசலில் அந்தம்மா எங்களுக்காகக் குனிந்த இடத்தைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.