மரத்த காலுக்கு ஒரு குரல்

ஆபரேஷன் தியேட்டரில் எங்கள் வேலை, வலி தெரியாமல் படுத்திருப்பவருக்காக வலியை நினைத்துக்கொண்டிருப்பது. கயத்தாறு பஸ்ஸில் அடுத்தவர் மூட்டையை மடியில் வாங்கிக் கால் மரத்துப்போனவர்களே, உங்களுக்கு இது உடனே புரியும்.

முதல் நாள் பாடம்

பிளஸ் டூ முடித்த கையோடு கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் தியேட்டர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஸ்டெல்லா சிஸ்டர் என்னையே மேசையில் படுக்கவைத்து, இரண்டு காலையும் உயரத் தூக்கித் தாங்கியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முழங்காலுக்கு வெளிப்பக்கம் கம்பி அழுத்தியது. பாதமெல்லாம் எறும்பு ஊர்ந்தது. யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டுவது என் பழக்கம்; காலையில் கேட்ட பெரிய டாக்டர் குரலில் “சிஸ்டர், இங்க வாங்க” என்றேன். ஓடிவந்தவர் முறைத்தார். “ஏலே, உனக்கு வாய் இருக்கு, கத்துதே. முதுகுல ஊசி போட்டவருக்குக் கால் இருக்கதே தெரியாது. அங்கன நரம்பு நசுங்குச்சுன்னா பாதத்தைத் தூக்க முடியாம இழுத்துக்கிட்டுத்தான் நடப்பாரு.”

இடதும் வலதும்

அதிலிருந்து காலுக்கு மெத்தை வைக்கும்போதெல்லாம் காலாகவே பேசினேன். இடது காலுக்குக் கீச்சுக் குரல். வலதுக்கு எங்கள் மயக்க டாக்டரின் கட்டைக் குரல். “அக்கா, பட்டை இறுக்குது. விரலெல்லாம் குளிருது.” திட்டு விழும் என்று காத்திருந்தேன். சிஸ்டர் பாதத்தில் நாடி பார்த்தபடி, சிரிக்காமல் கேட்டார்: “வலது கால் என்னலே சொல்லுது?”

நாகலாபுரத்து அண்ணாச்சி

நாகலாபுரத்து ஆட்டுக்காரர் ஒருவருக்கு புராஸ்டேட் ஆபரேஷன்; முதுகில் ஊசி போட்டு, இரண்டு காலையும் தாங்கியில் தூக்கி மாட்டியிருந்தோம். கரிசல் காட்டில் ஆடுகளின் பின்னால் நாளெல்லாம் நடப்பவர்; பாதம் போனால் பிழைப்பும் போச்சு. ரத்தம் நிற்காமல் ஆபரேஷன் நீண்டது. உதவிக்கு நின்ற சின்ன டாக்டர், களைப்பில் தன்னை அறியாமல் இடது காலில் சாய்ந்துவிட்டார். திடீரென்று கீச்சுக் குரல்: “டாக்டரய்யா, எம்மேல சாஞ்சிருக்கிய.” பேசியது நானில்லை. சிஸ்டர்!

சின்ன டாக்டர் துள்ளி விலகினார். பெரிய டாக்டர் ரத்தத்தை நிறுத்தியதும் கையை எடுத்துவிட்டு, “ரெண்டு காலையும் சேர்த்து மெதுவா இறக்குங்க” என்றார். விரல்களில் சூடு திரும்பும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அன்றைக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

மதியம் மரப்பு விடத் தொடங்கியது. “பாதத்தை மேல தூக்குங்க அண்ணாச்சி” என்றார் சிஸ்டர். வலது எழுந்தது. இடது அசையவில்லை. சிஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குனிந்து அந்த விரல்களையே பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பெருவிரல் அசைந்தது. பிறகு பாதம் முழுசாக நிமிர்ந்தது.

துணித் திரைக்குப் பின்னால் விழித்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்த அண்ணாச்சி சொன்னார்: “பேசினது எங் காலு இல்லம்மா. எங் காலா இருந்தா, அந்த டாக்டரை ஒரு எத்து எத்திட்டுல்லா பேசும்.”

ஊரில் உள்ள அத்தனை குரலையும் பேசிக்காட்டி நான் வாங்கியதெல்லாம் குட்டுதான். பேர் வாங்கித் தந்த ஒரே குரலான அந்தக் கீச்சுக் குரலையும் சிஸ்டர் கொண்டுபோய்விட்டார்.