விற்காத வீடுகளின் அம்சவள்ளி

விற்காமல் கிடந்த நான்கு வீடுகளின் கழிப்பறைகளில் காலை ஆறு மணிக்கு அம்சவள்ளி ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றுவார். ஊற்றாமல் விட்டால் குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றி, தொட்டி நாற்றம் வீட்டுக்குள் ஏறிவிடும். "வூடு பாக்க வர்றவன் மொதல்ல மூக்கதான் உள்ள வுடுவான். அப்பறந்தான் கால வெப்பான்" என்பார். பிறகு ஜன்னல்களைத் திறப்பார். பல்லி எச்சத்தைத் துடைப்பார். நான்கு வாசலிலும் தண்ணீர் தெளித்து நான்கு கோலம் போடுவார். ஒரே மாதிரி போட்டால் எல்லாம் ஒரே கை என்று தெரிந்துவிடும் என்பதால் நான்கும் வேறு வேறு. பொழுது சாய்ந்ததும் நான்கு ஹாலிலும் விளக்கு எரியும். சங்கராபுரம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு நான்கு குடும்பங்கள் டிவி பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் போகிறது என்ற செய்தி வந்ததும் சுற்றியிருந்த கரும்புக் கொல்லைகளில் வெள்ளைக் கற்கள் முளைத்தன. உரக்கடை நடத்திவந்த நாராயணசாமி சாலையோரம் பதினோரு வீடுகள் கட்டி, வளைவு எழுப்பி, 'கல்வராயன் வியூ' என்று பெயர் எழுதினார். அந்த வீடுகளுக்குச் செங்கல் சுமந்த சித்தாள்களில் ஒருவர் அம்சவள்ளி. களமருதூர்க்காரர். கூடவே வேலைக்கு வந்த கணவர் இரண்டாம் வருடம் காமாலையில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. களமருதூரில் குடிசை இருந்த இடத்தில் கணவரின் தம்பி மாட்டுக் கொட்டகை போட்டுவிட்டார். அந்தச் சமயம் பார்த்து, பூட்டிக் கிடந்த வீடுகளில் யாரோ புகுந்து குழாயையும் ஒயரையும் உருவிக்கொண்டு போனார்கள். "ஒரு வூட்ல தங்கிக்கினு மத்ததப் பாத்துக்க" என்று நாராயணசாமி சாவிக்கொத்தைக் கொடுத்தார். அம்சவள்ளிக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

தங்கலாம், ஆனால் சில நிபந்தனைகள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அதனால் கணவரின் படம் தரையில் சாய்ந்து நின்றது. அறைக்குள் படுக்கக் கூடாது, ஹாலோடு சரி. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பங்கரையில் நெருப்பு மூட்டக் கூடாது. வாங்குகிறவர்கள் பால் காய்ச்சும் முன் வேறொருத்தி அங்கே உலை வைத்தாள் என்று தெரிந்தால் பேரமே முறிந்துவிடும். ஆறு வருடம் அம்சவள்ளி கொல்லைப்புறத்தில் மூன்று செங்கல் கூட்டித்தான் சமைத்தார். ஐப்பசி மழையில் ஒரு கையில் குடை, ஒரு கையில் கரண்டி.

இருக்கும் வீடு விற்றுவிட்டால், டிரங்குப் பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். "ஏழு வூட்ல குடியிருந்துட்டேன் சார். ஒருத்தனுக்கும் அட்வான்ஸ் குடுத்ததில்ல" என்று, வளைவருகே தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாத சிரிப்பு. இப்படி மாறி மாறி அவருக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. கிழக்கு வாசல் வீடு முதலில் போகும். மாடிப்படி வெளியே வைத்த வீடு அடுத்து, ஒரு பகுதியை வாடகைக்கு விடலாம் என்பதால். எது கடைசிவரை போகாதோ அதில் பெட்டியை வைப்பார்.

வீட்டு விலை இறங்குமா என்பதுதான் அன்று ஊரில் எல்லோருடைய கேள்வியும். கடன் போட்டு வாங்கியவர்கள் இறங்கிவிடக் கூடாதே என்றார்கள். வாங்கக் காத்திருந்தவர்கள் இறங்கட்டும் என்றார்கள். புரோக்கர் பாவாடை வளைவுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு அம்சவள்ளியிடம் வம்பிழுப்பார்.

"இன்னாக்கா, மார்க்கெட்டு எப்டி இருக்குது?"

"நீதான் புரோக்கரு. என்னக் கேக்கற?"

"கலெக்டராபீஸு வந்து எல்லாம் வாங்கி முடிச்சிட்டான். இனிமே சல்லுனு எறங்கிடும்னு சொல்லிக்கினு கீறாங்க."

"வாயக் கழுவு. எறங்கக் கூடாது."

"நீ இன்னா பத்து பிளாட்டா வாங்கிப் போட்டுக்கினு கீற? எறங்குனா உனக்கு இன்னா?"

அவருக்குத் தெரிந்துதான் கேட்டார். விலை நின்ற இடத்தில் நின்றால் யாரும் வாங்க மாட்டார்கள். வாங்காதவரை அம்சவள்ளிக்குக் கூரை உண்டு. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் இதைத்தான் வேண்டிக்கொள்வதாக அவரே சொன்னார்.

அடுத்த தையிலிருந்து ஆவணிக்குள் மூன்று வீடுகள் போயின. மிஞ்சியது ஒன்பதாம் நம்பர். அதற்கு நேர் எதிரே ஒரு தெரு வந்து முட்டியது. தெருக்குத்து வீடு ஆகாது என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வெளியூர்க்காரர்கள் காரில் இறங்கி, தரையைப் பார்த்து, மாடுலர் அலமாரியைப் பார்த்து, தெருவைப் பார்க்க மறந்துவிடுவார்கள். சாவி கொண்டுவரும் அம்சவள்ளியிடம் போகிற போக்கில், "வூடு எப்டிம்மா?" என்று கேட்பார்கள்.

"வூடு நல்ல வூடுதான் சார். எதுருல தெரு வந்து குத்துது. அதான்." பிறகு சற்று நிறுத்தி, "தண்ணி உப்பு. பருப்பு வேவாது" என்பார்.

"நான் பொய் சொல்லல. கேட்டாங்க, சொன்னேன்" என்றார் என்னிடம். எட்டு மாதத்தில் எட்டுக் குடும்பங்கள் அப்படித் திரும்பிப் போயின. அந்த எட்டு மாதமும் அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

உரக்கடையில் உட்கார்ந்திருந்த நாராயணசாமிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போகிறார்கள் என்றால் விலை ஜாஸ்தி என்று முடிவு செய்தார். நாற்பத்தெட்டு லட்சம் சொல்லிக்கொண்டிருந்தவர் நாற்பத்திரண்டுக்கு வந்தார். அப்போதும் நகரவில்லை. முப்பத்தாறு என்றார். பக்கத்து வீடுகளை ஐம்பதுக்கு வாங்கியவர்கள் அவர் கடைக்கே போய்ச் சண்டை போட்டார்கள். செய்தி பரவ, சாலைக்கு அந்தப்பக்கம் கட்டியவரும் இறக்க வேண்டியதாயிற்று. இதைச் சொல்ல பாவாடை வண்டியை அணைக்காமலே வந்து நின்றார்.

"முப்பத்தாறுக்கா! யாருனா வுடுவானா? இந்தத் தெரு மார்க்கெட்டையே கவுத்துட்டியேக்கா."

"நான் இன்னாடா பண்ணேன்?"

"வந்தவன எல்லாம் உப்புத் தண்ணி சொல்லித் தொரத்துன இல்ல? வெலைய எறக்குனதே நீதான்."

 அன்று மாலை அம்சவள்ளி ஹால் விளக்கைப் போட மறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஒரு தம்பதி வந்தார்கள். செபாஸ்தியான் சங்கராபுரத்தில் பள்ளிக்கூட குமாஸ்தா. மனைவி கிரேஸ் அரசு மருத்துவமனை நர்ஸ். சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தார்கள். மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரர்கள். பதினான்கு வருடம் வாடகை வீடு. அம்சவள்ளி முந்திக்கொண்டு தெருக்குத்தைச் சொன்னார்.

"எங்களுக்கு அதெல்லாம் கெடையாதும்மா" என்றார் கிரேஸ். "தெரு நேரா இருந்தா ஆம்புலன்ஸ் வர ஈஸியா இருக்கும்."

"தண்ணி உப்பு."

"ஊரு பூரா உப்புதான். கேன் தண்ணி வாங்கிக்கறோம்."

செபாஸ்தியான் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரேஸ் கொல்லைப்புற அறைக்குள் போய், ஜன்னல் திறக்குமா என்று தாழ்ப்பாளை இழுத்தார். அது வரவில்லை.

"வேற எதுனா கொற இருக்காம்மா? நீங்கதான இங்கயே இருக்கறீங்க. மறைக்காம சொல்லுங்க."

 அம்சவள்ளி அருகே போய், தாழ்ப்பாளை லேசாக மேலே தூக்கி இழுத்தார்.

"இத இப்டி தூக்கிட்டு இழுக்கணும். சாய்ங்காலத்துல தொறந்து வெச்சீங்கன்னா மலைக்காத்து வரும். ஃபேனே வாணாம். மத்த பத்து வூட்லயும் இது கெடையாது."

காற்று அப்போதே வந்தது. கிரேஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை. செபாஸ்தியானைக் கூப்பிட்டு, தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். அடுத்த வாரம் முன்பணம் கைமாறியது.

"இன்னாத்துக்குக்கா அத்தச் சொன்ன?" என்று பாவாடை கேட்டபோது அம்சவள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லதா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் செங்கல்லு தூக்கிக் கட்டுன வூடுடா அது."

நாராயணசாமி ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார். விலை விழுந்த ஊரில் இனிமேல் கட்டுவதாக இல்லை, வேறு சாவியும் தன்னிடம் இல்லை என்றார். பாவாடையே ஏமப்பேர் பக்கம் ஓர் ஒற்றை அறையைப் பிடித்துக் கொடுத்தார், கமிஷன் வாங்காமல். ஜன்னல் இல்லாத அறை. மாதம் இரண்டாயிரம். அம்சவள்ளி இரண்டு வீட்டில் பாத்திரம் கழுவப் போகிறார்.

குடி மாறிய ஐந்தாம் நாள், துணி காயப்போடும் நைலான் கயிற்றைக் கொல்லையில் விட்டுவந்தது நினைவுக்கு வந்தது. கிளம்பியபோது நானும் கூடப் போனேன். கல்வராயன் வியூவில் ஒன்பதாம் நம்பர் வாசலில் இரண்டு ஜோடி செருப்புகள் கிடந்தன. ஜன்னலில் நீலத் திரை ஆடியது. பக்கச் சந்து வழியாகப் போனால் கொல்லை, பத்தடி. அம்சவள்ளி அந்தச் சந்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு முன்வாசல் படியேறி அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே அது குருவி மாதிரிக் கத்தியதும் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். இரண்டு படி இறங்கி வந்து, முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, கதவு திறந்தால் உள்ளே கண் போகாதபடி வீட்டுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றார்.