நாகஸ்வரத்தை ஒளித்தவர்

எனக்குப் பால்பல் விழும் முன்பே தொடங்கி, நான் ஐந்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்ட வருஷத்திலும் முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது அந்தத் தொடர்கதை. வாரப் பத்திரிகையில் வரும். துப்பறிகிறவர் ஒரு கல்யாணச் சமையல்காரர். கரண்டியும் கையுமாகவே திருடனைப் பிடித்துவிடுவார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அதைப் படிக்க ஒரு வரிசை உண்டு. பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பும்போது அப்பா வாங்கி வருவார். முதலில் அவர், பிறகு அம்மா, பிறகு அத்தை, கடைசியில் நான். நாலு பேரும் முடிக்கும்வரை கதையைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது.

அத்தை, அப்பாவின் அக்கா. அப்பா தவழ்கிற வயதிலேயே மண்ணச்சநல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய், மாமா இறந்த பிறகு எங்களிடம் வந்தவர். அவர் கைக்குப் போனால் பத்திரிகை இரண்டு நாள் திரும்பாது. படம் போட்ட பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சீக்கிரம் படிச்சிட்டுத் தாங்களேன் அத்தை" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"என் முறையில நீயே படிச்சுக்க. ஒண்ணு விடாம எனக்குச் சொல்லிடு. அப்பாகிட்ட மூச்சு விடாத" என்றார்.

கரும்பு தின்னக் கூலியா? வாராவாரம் கிணற்றடியில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

கதையில் கல்யாண வீட்டு நாகஸ்வரம் காணாமற்போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. ஏழாவது வாரம் ஆள் அகப்பட்டார். பகல் தூக்கம் கெடுகிறதென்று மாப்பிள்ளையின் அப்பாவே ஒளித்து வைத்திருந்தார். அந்த வாரம், நான் காவிரியில் ஆட்டம் போட்டதை அத்தை அம்மாவிடம் போட்டுக்கொடுத்திருந்தார். அந்த ஆத்திரத்தில், பெண்ணின் தாய்மாமன்தான் திருடன் என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அப்பா கேட்டார். "திருடன் யாருன்னு பாத்தீங்களாக்கா?"

"பாக்காம என்ன? தாய்மாமனே ஒளிச்சு வெச்சா என்னடா பண்றது" என்று சிரித்தார் அத்தை.

அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"ஆமாக்கா, தாய்மாமன்தான்" என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்தபடி.

அடுத்த வாரம் அவர் பத்திரிகையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். "எனக்குக் கண்ணு எரியுது. இனிமே நீதான் எல்லாருக்கும் சத்தமா படிக்கணும். ஒரு எழுத்து மாறக் கூடாது."

பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தேன். அத்தை முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது என்பதை வெகுகாலம் நான் அறியவில்லை.

மறுநாள் காலை அப்பா வழக்கம்போல் செய்தித்தாளை மூலைமுடுக்கு விடாமல் படித்தார். அந்தக் கண்ணெரிச்சல் ஏன் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வருகிறது என்பது, அத்தனை வருஷம் துப்பறியும் கதை படித்த எனக்குப் புலப்படவே இல்லை.